ஐஸை ஒட்டி வரும் அடிகள்

"எனக்குப் பிள்ளை பிறக்கப்போகுது" என்று எங்கள் கோலி, அதுதான் கோல் காக்கிறவள், சொன்னதும் உடைமாற்றும் அறையில் ஒரே கூச்சல். ஈரக் காலுறைகளோடும் பாதி கழற்றிய தோள்காப்புகளோடும் எல்லோரும் அவளைக் கட்டிப்பிடித்தோம். ஒருத்தி வாங்கில் ஏறி நின்று மட்டையால் கூரையைத் தட்டினாள். சத்தம் கொஞ்சம் அடங்கிய பிறகுதான் எங்கள் அணித்தலைவிக்கு மற்ற விஷயம் உறைத்தது.

"அப்ப இனிக் கோலுக்கை ஆர் நிக்கிறது?"

எல்லோருக்கும் ஒரே நேரத்தில் சப்பாத்துக் கயிற்றில் சிக்கல் வந்துவிட்டது போலக் குனிந்துகொண்டார்கள்.

"நான் நிக்கிறன்" என்றேன்.

அந்த அறையில் நாங்கள் பேசுவது சுவிஸில் இருக்கிற கூர் நகரத்து ஜெர்மன். ஆனால் அங்கே நடந்ததெல்லாம் எனக்கு எங்கள் தமிழிலேயே நினைவுக்கு வருகிறது. அப்படியே எழுதுகிறேன்.

நாங்கள் பெரிய கழகம் எதுவும் இல்லை. கூரில் வேலை செய்கிற, பிள்ளை வளர்க்கிற, ஐஸ் ஹொக்கி என்றால் ஞாயிறு விடியற்காலையிலும் கட்டிலை விட்டு எழும்புகிற பெண்கள். பெரிய அணிகளெல்லாம் விளையாடி முடித்து, யாருக்கும் வேண்டாத நேரம் எதுவோ அதுதான் எங்களுக்குக் கிடைக்கும். நான் பல் மருத்துவரிடம் வேலை செய்கிறேன். நாள் முழுக்க மற்றவர்களின் பற்களைச் சுரண்டிச் சுத்தம் செய்வது என் தொழில். பிறந்து வளர்ந்தது வின்டர்தூரில். கோயிலுக்கும் தமிழ்ப் பள்ளிக்கும் வயலின் வகுப்புக்கும் கூட்டிப்போன அம்மா அப்பாவுக்கு என்னை ஐஸ் மைதானத்துக்குக் கூட்டிப்போகத் தோன்றவில்லை. கல்யாணம் கட்டிக் கூருக்கு வந்து, முப்பத்தைந்து வயதுக்கு மேலேதான் கூட வேலை செய்கிற ஒருத்தி என்னை இழுத்துக்கொண்டு போனாள். முதல் நாளே எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. ஆனால் பைத்தியம் மட்டும்தான் இருந்தது, திறமை இல்லை. பின்பக்கமாகச் சறுக்கினால் நான் நினைத்த திசை ஒன்று, போய்ச் சேரும் திசை வேறு. அணியிலேயே மோசமான தடுப்பாட்டக்காரி நான்தான். கோலுக்குள் நின்றால் அவ்வளவு தூரம் சறுக்கத் தேவையில்லையே என்றுதான் அன்றைக்குக் கை தூக்கினேன். எவ்வளவு பெரிய தப்புக் கணக்கு!

அடுத்த ஞாயிறு பழைய கோலி தன்னுடைய கால்காப்புகளை எனக்குக் கொண்டுவந்து தந்தாள். இடுப்புக்குக் கீழே தொடங்கிக் கால்விரல் வரைக்கும் நீளும், மெத்தை போலத் தடித்த இரண்டு பலகைகள். கிரிக்கெட் காப்புகளைப் போலத்தானே இருக்கும் என்று நானே கட்டிக்கொண்டு, பெருமையோடு ஐஸில் இறங்கிப் போய் வலைக்கு முன்னால் நின்றேன். மைதானத்தைச் சுற்றியிருக்கிற பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் குளிர்ச்சட்டையோடு நின்ற பழைய கோலி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்ன?"

"கால் மாறிப் போச்சு. இடது காப்பு வலது காலிலை இருக்கு!"

அவள் என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவள். மேலே மலைக்கிராமம் ஒன்றில் பாலர் வகுப்பு நடத்துகிறாள். சின்னப் பிள்ளைகளோடு பேசும் அதே குரலில்தான் எனக்கும் சொல்லித் தந்தாள். அந்தக் குரல் மைதானத்தின் மறுமுனை வரைக்கும் கேட்கும்.

காப்பை மாற்றிக் கட்டினேன். அணித்தலைவி வட்டை எடுத்துவைத்து அடித்தாள். உயரமாக வரும் என்று கையை ஓங்கி வைத்திருந்தேன். அது வரவேயில்லை. அதாவது என் கண்ணுக்கு வரவில்லை. பின்னால் வலைக்குள் 'தொப்' என்று ஒரு சத்தம் மட்டும். ஐஸை ஒட்டிக்கொண்டு, என் இரண்டு கால்களுக்கும் நடுவால் போயிருந்தது அந்தக் கறுப்பு ரப்பர் வட்டு.

"ஹோசன்திரேகர்!" என்று எல்லோரும் கத்தினார்கள்.

காற்சட்டை கழன்றுவிடாமல் தோளில் மாட்டுகிற வாருக்குத்தான் ஜெர்மனில் அந்தப் பெயர். கோலியின் கால்களுக்கு நடுவால் கோல் போனால் இங்கே எல்லோரும் அதைத்தான் சொல்லிச் சிரிப்பார்கள். அன்றைக்கு அந்தச் சொல்லை நான் எத்தனை தடவை கேட்டேன் என்று எண்ணவில்லை. எண்ணினாலும் இங்கே எழுத மாட்டேன்.

பயிற்சி முடிந்து மற்றவர்கள் போனதும் பழைய கோலி என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"உயர வாற அடியைப் பற்றி இப்ப நீ யோசிக்காதை. எங்கடை மாதிரி அணியளிலை முக்கால்வாசி அடியும் நிலத்தோடைதான் வரும். கீழை கதவைப் பூட்டினாய் எண்டால் சரி."

"எப்பிடிப் பூட்டுறது?"

"முழங்காலிலை விழ வேணும்."

மைதானத்து வாசலில் ரப்பர் விரிப்பில் நின்று, வயிறு இன்னும் தெரியாத அந்தக் கர்ப்பிணி எனக்கு வாயால் மட்டும் விளக்கினாள். இரண்டு முழங்காலும் ஒரே நேரத்தில் ஐஸில் இறங்க வேண்டும். பாதங்கள் இரண்டும் வெளிப்பக்கம் விரிய வேண்டும். அப்போது காப்புகள் இரண்டும் படுத்து, கம்பத்துக்குக் கம்பம் ஒரு சுவர் மாதிரி நிற்கும். முழங்கால்களுக்கு நடுவில் மிஞ்சுகிற இடைவெளியை மட்டையின் தட்டைப் பகுதி மூட வேண்டும்; அது ஐஸைவிட்டு ஒரு விரல்கூட எழும்பக்கூடாது. கைகள் முன்னால். கண் வட்டில். வட்டு காப்பில் படும்வரைக்கும் கண் அதை விடக்கூடாது.

"விரிச்ச கால் வண்ணாத்திப்பூச்சியின்ரை செட்டை மாதிரித் தெரியும். அதாலைதான் இதுக்குப் பட்டர்ஃப்ளை எண்டு பேர்."

வீட்டுக்கு வந்து வரவேற்பறையில் விழத் தொடங்கினேன். என் கணவர் மலைப்பாதையில் பஸ் ஓட்டுகிறவர். வார இறுதிகளில் அநேகமாக வேலைதான். அதனால் மேசையைச் சுவரோரம் தள்ளிவிட்டு, கம்பளிக் காலுறைக்குள் பழைய துவாய்களைத் திணித்து முழங்காலில் கட்டிக்கொண்டு, மரத்தரையில் எழும்புவதும் விழுவதுமாக இருந்தேன். கீழ்வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தேன். அவர் ஹொக்கி ரசிகர். "விழு, விழு" என்று அனுமதி தந்துவிட்டார்.

அப்படி ஒரு சனிக்கிழமைதான் அம்மா வின்டர்தூரிலிருந்து ரயிலில் வந்து இறங்கினார். தன்னிடம் இருந்த திறப்பால் கதவைத் திறந்து உள்ளே வந்தவர், நான் கால்களை இரண்டு பக்கமும் விரித்துத் தரையில் கிடப்பதைப் பார்த்துக் கையிலிருந்த பையைக் கீழே போட்டுவிட்டார்.

"ஐயோ பிள்ளை! விழுந்திட்டியே?"

"இல்லையம்மா, பழகுறன்."

"என்னத்தை? விழப் பழகுறியோ?"

"ஓம். கோலுக்கை நிக்கிறதுக்கு. வண்ணாத்திப்பூச்சி எண்டு பேர்."

அம்மா என்னைச் சுற்றி ஒரு தடவை நடந்து பார்த்தார். "வண்ணாத்திப்பூச்சியோ உது? நசிஞ்ச தவளை மாதிரியெல்லோ இருக்கு. நாப்பது வயதிலை மூட்டுத் தேஞ்சு போகப்போகுது, சொல்லிப்போட்டன்."

ஆனால் தேநீர் குடித்து முடித்ததும் அவரேதான் கேட்டார்: "அப்ப பந்தை ஆர் எறியிறது?"

ஒருவரும் இல்லை என்றேன். பெட்டிக்குள் டென்னிஸ் பந்துகள் கிடந்தன. அம்மா சோபாவில் வசதியாக இருந்துகொண்டு ஒன்றை எடுத்துத் தரையில் உருட்டினார். நான் விழுந்து தடுத்தேன். இன்னொன்று. தடுத்தேன். சுகமாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் அம்மாவின் முகம் மாறியது. இடது பக்கம் பார்த்துக்கொண்டே வலது பக்கம் உருட்டினார். பந்து என் பாதத்தைத் தாண்டிச் சமையலறைக்குள் ஓடியது.

"கோல்!" என்றார். எழுபதை எட்டிப்பிடிக்கிற என் அம்மா, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு.

அதற்குப் பிறகு விளையாட்டு சூடு பிடித்துவிட்டது. எறிவது போலக் கையை ஓங்கி, எறியாமல் வைத்துக்கொள்வார். நான் அவசரப்பட்டு விழுந்ததும், விழுந்து கிடக்கிற என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, இருக்கிற ஓட்டைக்குள்ளால் மெதுவாக உருட்டுவார். என் பெரிய குறையை அம்மா ஒரே மாலையில் கண்டுபிடித்துவிட்டார். நான் அடி வருமுன்பே விழுந்துவிடுகிறேன். விழுந்துவிட்டால் என்னால் அசைய முடியாது. முன்னால் நிற்பவள் ஆறுதலாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்து அடிக்கலாம்.

இதைப் பழைய கோலியிடம் சொன்னேன். "உன்ரை அம்மாவை அணியிலை சேர்ப்பம்" என்றாள்.

குளிர்காலம் முழுக்க இப்படியே போனது. ஞாயிறுகளில் ஐஸ், மற்ற நாட்களில் தரை. மெல்ல மெல்லச் சில விஷயங்கள் உடம்புக்குள் இறங்கின. மட்டையைக் காலோடு ஒட்டி வைத்திருந்தால் வட்டு பட்டுத் துள்ளி நேரே எதிராளியிடம் போய்விடுகிறது. கொஞ்சம் முன்னுக்கு வைத்து, தட்டைப் பகுதியைச் சாய்த்துப் பிடித்தால் வட்டு அடக்கமாக மூலைப் பக்கம் ஓடுகிறது. முதல் தடவை என் மட்டை அப்படி ஒரு அடியை மூலைக்கு வழிகாட்டி அனுப்பியபோது, நான் கோலுக்குள் நின்றபடியே துள்ளினேன். அதே மூச்சில் அடுத்த அடி வந்து வலைக்குள் விழுந்தது.

எனக்கு மிகக் கடினமாக இருந்தது விழுவதல்ல, எழும்புவது. விழுந்து தடுத்த வட்டு மறுபக்கம் போய்விட்டால், அங்கே போகவேண்டும். வலது பக்கம் போகவேண்டுமென்றால் இடது முழங்காலைத்தான் தூக்கவேண்டும். அந்தச் சப்பாத்தின் அலகை ஐஸில் குத்தி உந்தினால், வலது காப்பு படுத்தபடியே சறுக்கிக்கொண்டு போகும். என் மூளையோ ஒவ்வொரு தடவையும் போகவேண்டிய பக்கத்துக் காலையே தூக்கச் சொன்னது. அந்தக் காலைத் தூக்கினால் சுவரில் கதவைத் திறந்துவிட்டது மாதிரி.

"மற்றக் கால்! மற்றக் கால்!" என்று பலகைச் சுவருக்குப் பின்னாலிருந்து அவள் கத்துவாள். வயிறு இப்போது சட்டைக்கு வெளியே தெரிந்தது.

பங்குனி மாதத்தில் கூரில் ஒரு சின்னச் சுற்றுப்போட்டி. எங்களைப் போன்ற பெண்கள் அணிகள் ஆறு. எல்லாரோடும் ஆடவேண்டும் என்று இல்லை, ஆளுக்கு மூன்று குறுகிய ஆட்டம். அம்மா முதல் நாளே வந்துவிட்டார். தேர்மஸில் இஞ்சித் தேநீர், ஒரு பெட்டி நிறைய முட்டை வைத்துப் பொரித்த மிதிவெடி ரோல்ஸ், தலைக்கு மேலால் இழுத்துக் கட்டிய சால்வை. பார்வையாளர் வரிசையில் பழைய கோலிக்குப் பக்கத்தில் போய் இருந்தார். இரண்டு பேருக்கும் நடுவில் ரோல்ஸ் பெட்டி.

முதல் ஆட்டம் லுசேர்ண் அணியோடு. அதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பழகியதெல்லாம் மறந்துபோயிற்று. அவர்களில் நெட்டையான ஒருத்தி மட்டையை ஓங்கினாள், நான் விழுந்தேன், அவள் அடிக்கவில்லை. காத்திருந்து, பார்த்து, நடுவால் விட்டாள். ஹோசன்திரேகர். பிறகு இன்னொன்று. விழும்போது என் கை பயத்தில் மேலே போகிறது, கையோடு மட்டையும் எழும்புகிறது. நாங்கள் படுதோல்வி.

இடைவேளையில் பழைய கோலி மூச்சிரைக்கப் படியிறங்கி வந்தாள்.

"நீ அவளின்ரை மட்டையைப் பாக்கிறாய். மட்டை பொய் சொல்லும். வட்டைப் பார். வட்டு மட்டையை விட்டு வெளிக்கிட்டாப் பிறகுதான் விழ வேணும். பிந்திப்போச்சு எண்டு தோன்றும். பிந்தாது."

"பிந்தினால்?"

"பிந்தினால் கோல். முந்தினாலும் கோல்தானே? ஒருக்கால் பிந்திப் பார்."

இரண்டாவது ஆட்டத்தில் பிந்திப் பார்த்தேன். முழங்கால் விழத் துடிக்க, நின்றேன். வட்டு மட்டையை விட்டுக் கிளம்பியது. அப்போதுதான் விழுந்தேன். இடது காப்பில் 'டப்' என்று ஒரு இறுக்கமான சத்தம். அந்தச் சத்தம் எவ்வளவு அழகு! இன்னொன்று வந்தது, மட்டையில் பட்டு மூலைக்கு ஓடியது. எனக்கு உள்ளுக்குள் ஏதோ திறந்துகொண்டது மாதிரி இருந்தது. வட்டு பெரிதாகத் தெரிந்தது. அதன் ஓரத்தில் இருக்கிற சின்னச் சொரசொரப்புக்கூடத் தெரிந்தது என்று சத்தியம் பண்ணுவேன்.

தடுத்துவிட்டுக் கிடக்கிற ஒவ்வொரு தடவையும் மேலிருந்து ஒரு குரல் வந்தது.

"எழும்பு! எழும்பு பிள்ளை, எழும்பு!"

அம்மா எழுந்து நின்று கத்திக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்தவர்கள் அதன் அர்த்தத்தைப் பழைய கோலியிடம் கேட்டிருக்கவேண்டும். அவளுக்கும் தெரியாதுதான், ஆனால் நிலைமையைப் பார்த்து ஊகித்திருப்பாள். அடுத்த தடவை நான் விழுந்தபோது இரண்டு மூன்று சுவிஸ்காரக் குரல்கள் சேர்ந்து வந்தன. "எலும்பு! எலும்பு!" அவர்களுக்கு 'ழ' வரவில்லை. தலைக்கவசத்துக்குள் எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. அந்த ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று சமனில் முடிந்தது. சமன்! எங்களுக்கு அது திருவிழா.

மூன்றாவது ஆட்டம் வின்டர்தூர் அணியோடு. நான் பிறந்த ஊர், அம்மா இன்னும் இருக்கிற ஊர். அம்மா அவர்களுக்கும் கை தட்டினாராம், பிறகு சொன்னார். எங்கள் அணித்தலைவி தொடக்கத்திலேயே எப்படியோ ஒரு கோலை நுழைத்துவிட்டாள். அதன்பிறகு முழு ஆட்டமும் என் பக்கத்திலேயே நடந்தது. அடி மேல் அடி. எல்லாம் கீழே, ஐஸை ஒட்டி. முழங்கால் எரிந்தது. வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. பார்வையாளர் வரிசை முழுக்க இப்போது "எலும்பு" என்று கத்தியது.

கடைசி நிமிடத்தில் அவர்கள் தங்கள் கோலியை வெளியே எடுத்துவிட்டு இன்னொரு தாக்குதல்காரியை இறக்கினார்கள். எனக்கு முன்னால் ஒரே கால்களின் காடு. வட்டைக் காணவில்லை. குனிந்து அந்தக் கால்களுக்கு நடுவால் தேடினேன். தூரத்தில் ஒரு மட்டை, ஒரு கறுப்புப் புள்ளி. கிளம்பிவிட்டது. விழுந்தேன். இடது காப்பில் பட்டது. ஆனால் துள்ளி, எனக்கு வலது பக்கத்தில், ஒருவரும் மறிக்காமல் நின்ற ஒருத்தியின் மட்டைக்கே போய்ச் சேர்ந்தது. அவளுக்கு முன்னால் பாதி வலை திறந்து கிடந்தது.

மற்றக் கால். இடது முழங்கால் தானாகவே எழுந்தது, நான் தூக்கவில்லை. அலகு ஐஸில் குத்தியது. உந்தினேன். வலது காப்பு சறுக்கியது, சறுக்கியது, சறுக்கிக்கொண்டே போனது. பாதத்தின் நுனி கம்பத்தைத் தொட்ட அதே கணத்தில் 'டப்'. வட்டு எனக்கு முன்னால் விழுந்து கிடந்தது. இன்னொருத்தி பாய்ந்து நடுவால் குத்தினாள். மட்டை கீழேதான் இருந்தது. ஐஸோடு ஒட்டிக்கொண்டு, அசையாமல். அதில் பட்டு நின்றது. நான் அப்படியே முன்னால் சரிந்து, வட்டைக் கையுறையால் மூடிக்கொண்டு படுத்துவிட்டேன்.

"எழும்பு! எழும்பு!" என்று அம்மா கத்தினார்.

"கிட! அப்பிடியே கிட! எழும்பாதை!" என்று பழைய கோலி ஜெர்மனில் அதைவிடப் பெரிதாகக் கத்தினாள்.

கிடந்தேன். நடுவர் விசில் ஊதி ஆட்டத்தை நிறுத்தும்வரைக்கும் முகக்கூண்டை ஐஸில் வைத்துக்கொண்டு கிடந்தேன். கம்பிகளுக்குள்ளால் அந்தக் குளிர் கன்னத்தில் ஏறியது எனக்கு இன்னும் தெரிகிறது. மிஞ்சியிருந்த சில நொடிகளில் ஒன்றும் நடக்கவில்லை. மணி அடித்தது. பிறகு என் அணியே என் மேல் வந்து விழுந்தது. நிமிர்ந்து பார்த்தபோது, மேலே பழைய கோலி வயிற்றைப் பிடித்துக்கொண்டு துள்ளுகிறாள். அவளுடைய கணவன் இரு, இரு என்று சட்டையைப் பிடித்து இழுக்கிறான். என் அம்மா ரோல்ஸ் பெட்டியைத் தலைக்கு மேலே தூக்கி ஆட்டுகிறார்.

கைகொடுக்க வரிசையில் வந்தபோது, திறந்த வலைக்கு முன்னால் நின்ற அந்த வின்டர்தூர்க்காரி என்னிடம் நின்றாள். "அது எப்பிடி உன்ரை காலிலை பட்டது? நான் கோல் எண்டு கையைத் தூக்கிப்போட்டன்" என்றாள். என் இடது முழங்காலைத் தட்டிக் காட்டினேன்.

முதல் ஆட்டத்தில் வாங்கிய கோல்களால் ஆறு அணிகளில் நாங்கள் ஐந்தாவதாக வந்தோம். அன்று பின்னேரம் சோபாவில், இரண்டு முழங்காலிலும் குளிர்ப்பையைக் கட்டிக்கொண்டு, கால்களை நீட்டியபடி கிடந்தேன். கணவர் வேலை முடிந்து வந்து, ஒவ்வொரு தடுப்பையும் என்னைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அம்மா டொரன்டோவில் இருக்கிற தன் தங்கையோடு தொலைபேசியில் இருந்தார்.

"ஓமடி, ரெண்டு முழங்காலிலையும் விழுந்து காலாலையே மறிச்சவள். ஓம், ஓம், மட்டை நிலத்தோடை. இல்லை, ஒருவரும் தள்ளி விழுத்தேல்லை, அவளாத்தான் விழுறவள். அப்பிடித்தான் விழ வேணுமாம்."

சின்னம்மா ஏதோ கேட்டார்.

"கடைசிக்கு முதல் இடம்" என்றார் அம்மா பெருமையோடு.

மறுமுனையில் சின்னம்மா வீறிட்டது எங்களுக்கே கேட்டது. "முதல் இடமோ! ஐயோ, முதல் இடமாமடா!" என்று அவர் அங்கே வீட்டிலிருந்த எல்லோரையும் கூப்பிட்டார்.

அம்மா தொலைபேசியைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். என் கணவரைப் பார்த்தார். பிறகு கையை எடுத்தார்.

"ஓம்" என்றார்.